அம்மாவுக்கு நாலு மணி நேரம் போதுமாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் தங்கையும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாடிவீட்டுக்காரர் குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார், இப்போது சுவர் ஒழுகுகிறது. ராத்திரி சலவைக்கூடம், பகலில் தையல் என்று ஓடுகிறது. ஆரம்பத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, இப்போது பழகிவிட்டது, நாலு மணி நேரம் தூங்கினால் போதும். வருகிற மாதம் என்னை துணி மடிக்கும் மேசையிலிருந்து துணி தேய்க்கும் உருளை இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள், கைதேர்ந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள், அதனால் நீ

அண்ணா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. எழுத உட்கார்ந்தால் அவளுக்கு எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். "அதனால் நீ" என்றதும் நிறுத்திவிட்டாள், யோசிக்கிறாள் என்று காத்திருந்தேன். கண் திறந்துதான் இருந்தது. உலுக்கியதும், எழுதிட்டியாடி, முடிச்சுத் தபால்ல போட்டுடு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இன்று அவளுக்கு விடுமுறை, எந்நேரமும் எழுந்து வரலாம், அதனால் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், கவிழ்த்த வாளிதான் மேசை.

அந்த உருளையை நீ பார்த்ததில்லை. ஈரப் போர்வையை நீட்டினால் சூட்டோடு உள்ளே இழுத்துக்கொள்ளும், உடனே கையை எடுத்துவிட வேண்டும். அந்த "உடனே"தான் அம்மாவிடம் இப்போது இல்லை. பள்ளியில் ஒரு சோதனை சொல்லித்தந்தார்கள், ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்துச் சட்டென்று நழுவவிட்டால் எதிரே இருப்பவர் விரலால் பிடிக்க வேண்டும். இரவு வேலைக்குப் போன புதிதில் அம்மா பாதியில் பிடித்துவிடுவாள். போன வாரம் ஸ்கேல் தரையில் விழுந்த பிறகு விரலை மூடினாள். நீ முன்னாடியே விட்டுட்டே, கள்ளி என்றாள். ஒரு ஞாயிறு பகல் முழுக்கத் தூங்கிப் பார்த்தாள். மறுநாள் கொஞ்சம் தேவலை, புதன்கிழமை மறுபடி ஸ்கேல் தரையில். தெரிந்த ஒருவருக்கு என்று உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். தினமும் போதாத தூக்கமே தூங்கிவந்தால், தூக்கக் கலக்கம் ஒரு அளவுக்கு மேல் கூடாததுபோல் இருக்குமாம், பழகிவிட்டது என்று நினைப்பார்களாம், கவனம் மட்டும் நாளுக்கு நாள் இறங்குமாம், இறங்குவது அவர்களுக்கே தெரியாதாம். யாரு, உங்க அம்மாவா என்றார். இல்லை என்றேன்.

அம்மாவிடம் சொன்னதற்கு, எனக்கே தூங்கக் கத்துத் தர்றியா என்றாள். நீ சொன்னால் கேட்பாள், போகப்போகப் பழகிடும்மா என்று சொன்னவனும் நீதான். உருளை வேண்டாம் என்று சொல், இரவு வேலையையே விடச் சொல். உன் படிப்புக்காகத் தொடங்கியது என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. நான் எழுதியதைச் சொல்லாதே, உனக்கே தோன்றியது போலப் பேசு, மாதம் பிறப்பதற்குள் பேசு.

அம்மா சொல்லாமல் விட்ட ஆசீர்வாதத்தை நானே போட்டுவிடுகிறேன்: நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, வேளைக்குத் தூங்கு. கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்துதான், நான் போட்டதில்லை. சொல்லத் தொடங்கும் முன்பே வெறும் தாளின் அடியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். முடிக்கிற வரைக்கும் முழிச்சிருப்பேனோ என்னவோ என்றாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா