அடுப்பு, மூக்கு, ஓடும் ஆள்

அன்புப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், அதையே ஒரு சேதியாக எழுத வேண்டிவந்துவிட்டது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனபின், பயிற்சி கொடுக்க வரும் பெண் அட்டையில் ஒட்டிய ஒரு படத்தாள் தந்தாளே, சாமான், உடம்பு, ஆள் செய்யும் வேலை, நம் மூவரின் முகம் என்று நாற்பது படம். ஒரு படம் ஒரு சொல்லும்மா, சேர்த்துத் தொட்டா வாக்கியம், எதை முதல்ல தொடுறார்னு பாருங்க என்றாள். நான் சும்மா தலையாட்டினேன். அப்பா தொட்ட முதல் வாக்கியம் என் முகமும் ரேடியோவும். வாய் ஓயாதவளாம், தோள் குலுங்கச் சிரித்தார்.

செவ்வாய் காலை அவரைச் சக்கர நாற்காலியில் சமையலறை வாசலில் உட்காரவைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாளில் மூக்கைத் தொட்டார், அடுப்பைத் தொட்டார். சளிக்கு வெந்நீர் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லையென்று தலையை வேகமாக ஆட்டிவிட்டு, இந்த முறை அடுப்பு முதலில், பிறகு மூக்கு, பிறகு ஓடும் ஆள். என்னங்க விளையாட்டு என்று சிடுசிடுத்துக்கொண்டே லைட்டரை எடுத்தேன். இடது கையால் தாளையே வீசி என் கையில் அடித்தார் பார், லைட்டர் எகிறிப் போய் விழுந்தது. கோபமாகத் திரும்பினேன், அவர் கண்ணைப் பார்த்ததும்தான் உறைத்தது. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரிவதில்லையே. அடுப்பு நாறுகிறது, ஓடு என்று மனுஷன் கத்தியிருக்கிறார், நான் வெந்நீர் வைக்கப் போயிருக்கிறேன்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுத் தச்சர் சிலிண்டரை மூடி, ரப்பர் குழாயில் விரல் நீளக் கீறலைக் காட்டினார். ஒரு பொறி போதும்க்கா, நீங்களும் இல்ல நாங்களும் இல்ல என்றார். குழாய் மாற்றியாகிவிட்டது, உன் வீட்டிலும் பார்த்துவிடு.

என் பயம் இப்போது வேறு. அன்றிலிருந்து அவர் தொடுவதையெல்லாம் எழுத்துக் கூட்டுவதுபோலப் படிக்கப் பழகிவிட்டேன். மூன்று நாளாகச் சாப்பிட்டதும் கட்டில், மூடிய கதவு, பை தூக்கிய ஆள் என்று அதே வரிசையில் தொடுகிறார், பிறகு விடைபெறுவதுபோல என் கையைத் தடவுகிறார். பயிற்சிப் பெண்ணிடம் கேட்க மனசு வரவில்லை. புரியாத மாதிரி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன், குடித்துவிடுகிறார். நேற்று கடைசியில் உன் முகத்தையும் தொட்டார். நீ படித்தவள், வேறு அர்த்தம் இருந்தால் சொல்லு. இல்லையென்றால் லீவு கேட்டுப் புறப்படு.

நீ நல்லா இருக்கணும் கண்ணு. பெட்டியில் கனமாக எதையும் அடைக்காதே, சீக்கிரம் வந்தால் போதும்.

உன் அம்மா