இடது கண் முதலில்

என் அன்புக் குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வம்பு பண்ணுகிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், எழுத்து என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

நம் கண்ணாடிக் கடைக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராமைத் திறந்து திருத்த, உள்ளே ஏஐ இருக்கிற எடிட்டர்களில் எதை வைத்துக்கொள்ளப் போகிறாய், இலவசமா, காசு கட்டுவதா என்று கேட்டாயே. "காசு நான் கட்டறேன், இனிமே ஒவ்வொண்ணுக்கும் என்னை எழுப்பாதே, அந்த ஏஐகிட்டயே கேளு" என்றாய். நீ பிரியத்தில்தான் சொன்னாய், தெரியும், இருந்தும் சுருக்கென்று தைத்தது. சரி, மகள் சொல்கிறாளே என்று, ஒரு மாதம் சும்மா பார்த்துக்கொள் என்று தருகிறார்களே, அப்படி அந்தக் காசு கட்டுகிற எடிட்டரைப் போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரப் பயல். கண்ணாடி தயார் என்று வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜ் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்ததே, அதை நான் டீயை ஆற்றுவதற்குள் சரிபண்ணிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் மொத்தத்தையும் சுத்தம் பண்ணிக் கொடு என்று கேட்டேன், அது எல்லா ஃபைலையும் மாற்றிக்கொண்டு வந்து நின்றது, சேர்த்தது பச்சையும் நீக்கியது சிவப்புமாக வரிகள் ஓடின, நான் ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தித் தொலைத்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, மற்ற கடைகளில் வலது கண்ணின் பவரை முதலில் எழுதுவார்கள், இடதுகைக்காரி நான், நம் கடையில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இடது கண்தான் முதலில். அந்த ஏஐ அதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு வலதை மேலே ஏற்றிவிட்டது. லென்ஸ் வெட்டுகிற அண்ணன் சீட்டில் வலது, இடது என்று போட்டிருக்கும் தலைப்பையெல்லாம் பார்க்கிற ஆளா, மேலே இருப்பது இடது என்று பழக்க தோஷத்தில் வெட்டிவிட்டார். பஸ் ஓட்டுகிற ஒருவர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து "என்னம்மா, தரை மேல வருது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அந்தக் கண்ணாடியோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்து வேறு வெட்டிக் கொடுத்து அனுப்பினோம், அண்ணன் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஏஐமேல் பழி போட மாட்டேன், படிக்காமல் அழுத்தியது என் கை. பழையபடி மாற்றும்போது பார்த்தேன், அது தூக்கிப் போட்ட வரிகளில் நீ எழுதிவைத்த குறிப்பும் இருந்தது, "எங்கம்மாவுக்கு இடது கண்தான் முதல், யாரும் கை வைக்காதீங்க" என்று. கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

ஆக, இலவசத்துக்கே திரும்பிவிட்டேன். அது ஒரு வரி சொல்லும், நான் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவேன், மாதக் கடைசியில் இந்த மாத இலவசப் பங்கு தீர்ந்தது என்று வாயை மூடிக்கொள்ளும். உனக்கு ஆபீசில் மலைபோல வேலை, நீ காசு கட்டுவதையே வைத்துக்கொள், அதுதான் சரி. எனக்கு இருப்பது நாலு ஃபைல்.

இதெல்லாம் சாக்குதான் குட்டிம்மா. காசு கட்டுவது வந்த பிறகு உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது, நீயும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் புரோகிராம் மக்கர் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமை என் திரையைப் பார்த்துக்கொண்டு "அங்க இல்லம்மா, கீழ, இன்னும் கீழ" என்று கத்துவாய், நடுவில் உன் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும், என்னடி சமைக்கிறாய் என்று கேட்பேன். போன மாதம் அப்படி ஒரு ஞாயிறுகூட இல்லை. கடையை மூடிவிட்டு வந்தால் அப்பா இல்லாத வீட்டில் டிவிக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் அந்த ஏஐயிடம் வாய் தவறிச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன், அதற்கும் பணிவாகப் பதில் சொன்னது. எனக்கே என்னை நினைத்துப் பயமாகிவிட்டது.

திரையையே முறைத்துக்கொண்டிருக்காதே, நடுநடுவே ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார், பவர் ஏறினால் வெட்டிக் கொடுக்க அம்மா பக்கத்தில் இல்லை. நீ ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, புரோகிராம் இப்போது நன்றாக ஓடுகிறது, ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா