முப்பது என்று சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?

என் செல்ல அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். முன்னறையில் சித்தப்பா இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

நாளை எங்கள் பள்ளியில் இதய நோய் அறக்கட்டளையின் பாட்டுக் கச்சேரி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நான் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். எழுதியே கொடுத்துவிட்டார்கள். கடைசி வரி: "அன்று அங்கே இருந்த யாருக்கும் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றத் தெரியாது." அதை அவர்களிடம் சொன்னது சித்தப்பாதான்.

போன கிறிஸ்துமஸ் கேரலில் நீங்கள்தானே தாத்தா வேஷம். ஆடிக்கொண்டே பொத்தென்று விழுந்து பிள்ளைகளைச் சிரிக்க வைப்பீர்கள். அருமனை ரோட்டில் கடைசி வீட்டு முற்றத்தில் விழுந்தபோதும் சிரித்தோம். "ட்ரம்ம அடிங்கலே, அண்ணன் நடிக்கான்" என்றார் சித்தப்பா. ட்ரம் நிற்கவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் உங்கள் முகமூடியைக் கழற்றினோம். சித்தப்பா உங்கள் பக்கத்தில் முட்டுக்குத்தி இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வரும்வரை உங்கள் மேல் கை வைக்கவே இல்லை.

போன வாரம் அறக்கட்டளையிலிருந்து ஒரு அக்கா, நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையோடு பள்ளிக்கு வந்தார். வேகம் தவறாமல் அழுத்துவதற்கு ஒரு பாட்டுப் போட்டார். நீங்கள் ஆட்டோ துடைக்கும்போது பாடுவீர்களே, அதே பாட்டு. ஒரு தாளத்துக்கு ஒரு அழுத்து. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தவறாக வைத்தாள். என்னைக் கூட்டிப்போக வந்து நின்ற சித்தப்பா, அவள் கையை எடுத்து நெஞ்சின் நடுவில் வைத்தார். "முப்பது எண்ணு, பிறவு மூச்சு கொடு" என்றார்.

அந்த அக்கா அதுவரை முப்பதைப் பற்றிச் சொல்லவே இல்லை, அப்பா.

பைக்கில் வரும்போது கேட்டேன். "சவுதியில கம்பெனிக்காரன் எல்லாருக்கும் படிப்பிப்பான் மக்ளே. அதெல்லாம் யாருக்கு ஓர்மை இருக்கு?" என்றார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நினைவில்லை என்றவருக்கு முப்பது எப்படி வந்தது? அன்று பயத்தில் கை வரவில்லையா? ட்ரம் அடிக்கச் சொன்னது தான்தான் என்று கூசிப்போனாரா? இல்லை, வேறு ஏதாவதா? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் என்னைப் பள்ளியில் விடுவதும் இப்போது அவர்தான். கேட்டால் இந்த வீடு என்ன ஆகும்?

நாளை அந்தக் கடைசி வரியை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நிறுத்தி, முன்வரிசையில் இருக்கும் அவரைப் பார்ப்பேன்.

தினமும் தலையணையில் அழுத்திப் பழகுகிறேன், உங்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. இனி யார் விழுந்தாலும், விளையாட்டுக்கே விழுந்தாலும், முதலில் முகமூடியைக் கழற்றுவேன்.

அன்று உங்களைப் பார்த்துச் சிரித்த
உங்கள் மகள்
ஜெபா