இரண்டு கை வைத்த தீனி

இஞ்சேருங்கோ,

மகள் பத்மாசினிக்குக் காய்ச்சலாம், நெல்லியடிக்குப் போகிறேன். சோறும் குழம்பும் உறியில் இருக்கின்றன.

கோழிகள் செத்தது நாவூறு பட்டு அல்ல. நான் தவிடு குழைத்து வைத்த சட்டியில் இன்று காலமை நீங்களும் குழைத்துக் கொட்டியதை வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாங்கள் கதைக்காத இந்தப் பத்து நாளும் இப்படித்தான் நடந்திருக்கிறது. மிஞ்சிய தவிடு அடியில் கிடந்து பழுதாகி, அதைத் தின்றுதான் நான்கும் கழிந்து செத்திருக்கின்றன. சிப்பித்தூளை மட்டும் மற்றவர் போடுவார் என்று இருவருமே விட்டுவிட்டோம். அதனால்தான் முட்டையெல்லாம் ஓடில்லாமல் தோலோடு வருகிறது.

சட்டியைச் சுடுதண்ணீரில் கழுவிவிட்டேன். இருக்கிற இரண்டுக்கும் இனி நீங்களே வையுங்கள்.

இன்னொன்று. காலமை கோழிகளிடம், “பசிக்குதோ பிள்ளையள்?” என்று கேட்டீர்கள். வேலிக்குப் பின்னால் நின்று நான் “ஓம், பசிக்குது” என்றேன். உங்களுக்குக் கேட்டிருக்காது.