மிக்ஸியின் அடியில் ஒரு வரி

இன்று காலை ஏழு மணிக்கு மேல்வீட்டு மிக்ஸி பாதியில் நின்றுவிட்டது. தேங்காய் அரைபடும் சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. கையில் காப்பி டம்ளரோடு சமையலறையில் அப்படியே நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். ஊரான் வீட்டு மிக்ஸிக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கிற ஆளா நீங்க என்று கேட்பாய். இல்லைதான். அன்றைக்கு ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் போனவன் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் வந்து ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஊரிலிருந்து நீ கொண்டுவந்த மிக்ஸி புகைந்து போனது. உனக்குத் தெரியாமல் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடைத்தொகுதியில் நான் ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடி ஜாடி, ஏழு பொத்தான், பார்க்கக் கப்பல் மாதிரி இருந்தது. ஊறவைத்த உளுந்தைப் போட்டாய். உளுந்து உள்ளே சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒன்றுகூட உடையவில்லை. நீ இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது ப்ளெண்டருங்க. ஜூஸ் போடுறது. நான் அரைக்கிறதுக்குக் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஒண்ணா?"

லிஃப்ட் பழுது பார்க்கிற என்னிடம் போய் அப்படிக் கேட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. அந்தப் பாத்திரக் கடையில் மிக்ஸிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். நீ காதில் வாங்கவில்லை. ஜாரின் விளிம்பைத் தடவிப் பார்த்தாய். மூடியைப் போட்டுக் குலுக்கினாய். ஓடவிடச் சொல்லி அதன் உடம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். "கப்ளர் தேஞ்சா தனியா விப்பீங்களா? வாஷர்? அஞ்சு வருஷம் கழிச்சு வந்து கேட்டாலும் இருக்குமா?" என்றாய். பிறகு, ஜாரை எடுத்து வைத்துவிட்டு, மிக்ஸியையே தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாய்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல பாக்கிற," என்றேன்.

"நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜிய மட்டும்தான் பாத்தீங்க. அடியப் பாக்காம எதையும் வாங்கக் கூடாதுங்க."

கடைக்காரர் சிரித்தார். நான் விலைச் சீட்டைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் உன்னோடு சேர்ந்து நானும் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அழகில்லாத மிக்ஸி அது. வெள்ளை உடம்பு, மூன்று எவர்சில்வர் ஜார், ஒரே ஒரு திருகு. பதினான்கு வருடம் ஓடியது. தினமும் காலை திருகை மூன்று தட்டுத் தட்டி விட்டுவிட்டு ஓடவைத்து, பிறகு ஒரேயடியாக ஓடவிடுவாய். நிறுத்தும்போது அது ஒரு சின்ன விசில் அடிக்கும். மோட்டார் சத்தத்தில் வாழ்ந்தவன் நான். நூறு மிக்ஸி ஓடினாலும் அதை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்வேன்.

உனக்கு உடம்பு முடியாமல் போன வருடத்தில் நீ எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டினாய். வெள்ளை டேப்பில் கறுப்பு மையில், உன் சாய்ந்த எழுத்தில். 'இது உளுந்து.' 'இது பச்சரிசி, இட்லிக்கு இல்லை.' 'பெருங்காயம், ஒரு சிட்டிகை போதும்.' எனக்குக் கோபம் வந்தது. "என்னைய என்ன சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்று கத்தினேன். நீ டேப்பைக் கிழித்தபடியே, "பசின்னு வந்தா எல்லாரும் சின்னப் பிள்ளதான்," என்றாய். நீ போகப் போகிறாய் என்று அந்தச் சீட்டுகள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.

நீ போன முதல் வாரத்தில் அத்தனையையும் பிய்த்து, கீழ்த்தளத் தொட்டிக்குப் போகும் குப்பைக் குழாயில் போட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ பேசிக்கொண்டே இருந்தாய். போட்ட மறுநாளே பைத்தியக்காரனைப்போல் கீழே ஓடினேன். அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். டப்பாக்களில் பசை மட்டும் ஒட்டியிருந்தது.

மூன்றாவது வாரம் நானே சட்னி அரைக்க முயன்றேன். ஜார் நிறையத் தேங்காய், தண்ணீர் கொஞ்சம்தான். மிக்ஸி முனகியது, சூடான வாசம் வந்தது, நின்றது. திருகைத் திருப்பிப் பார்த்தேன், ஓடவில்லை. நீயும் போனாய், இதுவும் போ என்று தோன்றியது. பெரிய ஜார்கள் இரண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சின்ன ஜார் மட்டும் பாத்திரக் கூடையில் கவிழ்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு காலை ஏழு மணிக்கு, படுக்கையில் இருக்கும்போதே உன் மிக்ஸி ஓடியது. எழுந்து ஓடினேன். சமையலறை காலி. நின்றது, விசிலடித்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். யாரிடம் சொல்வது? ஆறரைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிக் காப்பிக்கடையில் உட்கார ஆரம்பித்தேன். மழை நாளில் போக முடியாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு நாள் பொத்தவில்லை. "நீதானா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பதில் வராதது ஆறுதலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஒரு வருடம் இப்படிப் போனது. சொந்தமாக ஒன்று வாங்கிச் சத்தத்தோடு சத்தமாக ஓடவிட்டால் மனம் தெளியும் என்று நினைத்து, போன மாதம் அதே கடைக்குப் போனேன். நீ செய்ததையெல்லாம் செய்தேன். விளிம்பைத் தடவினேன், உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், கப்ளர் கிடைக்குமா என்று கேட்டேன். கடைசியில் கவிழ்த்தும் பார்த்தேன். அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான்.

"இது என்ன?"

"லோடு அதிகமாச்சுன்னா தானா நின்னுடும் சார். பத்து நிமிசம் ஆறவிட்டு இத அமுக்கினா ஓடும். பழைய மாடல்லயும் இருக்கு. தெரியாம நெறைய பேரு தூக்கிப் போட்டுடறாங்க லா."

ஆயுசு முழுக்க லிஃப்ட் நின்றால் முதல் வேலையாக ரீசெட் பொத்தானைத் தேடியவன், என் வீட்டு மிக்ஸியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் அது செத்துப்போகவில்லை. அப்படியென்றால் நான் கேட்டது நிஜம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன், சத்தம் கூரைக்கு மேலிருந்துதான் வந்தது. வாங்கிவந்த புது மிக்ஸியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மேல்வீட்டு மணியை அடித்தேன். கொடுத்துவிட்டு உன்னுடையதை வாங்கி வருவது என்று முடிவு. கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். கணவனுக்குத் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் மேசையில் உன் மிக்ஸி நின்றது.

"அது எங்க வீட்டு மிக்ஸிம்மா," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அங்கிள், கீழ சும்மா கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்துட்டோம். மொதல்ல ஓடல. திருப்பிப் பாத்தா அடியில எழுதி ஒட்டியிருந்துச்சு. அதுல போட்டிருந்த மாதிரி செஞ்சேன், ஓடிருச்சு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

அவள் ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துக் காட்டினாள். வெள்ளை டேப். சாய்ந்த எழுத்து.

'நின்னா பயப்படாதீங்க. பத்து நிமிஷம் விட்டு இதை அமுக்குங்க.'

என்னைத் தவிர வேறு யாருக்கும் நீ 'ங்க' போட்டு அதை எழுதியிருக்க முடியாது. நான் பிய்க்காமல் விட்ட ஒரே சீட்டு. நான் பார்க்காமல் விட்டதும் அதுதான். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"எடுத்துக்குங்க அங்கிள்," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கி, "வந்த புதுசுல அவரு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா நாள் பூரா தனியாத்தான் இருப்பேன். ஒரே பயம். அந்த எழுத்தப் படிச்சப்ப யாரோ எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு," என்றாள்.

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டேன். "நாந்தான்மா கீழ வச்சேன். உங்கிட்டயே இருக்கட்டும்," என்றேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. கீழே வந்து சின்ன ஜாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் மூடியை மட்டும் கொடுக்கவில்லை. கழுவியும் போகாத உன் பூண்டுச் சட்னி வாசம் அதில் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

இப்போது காலையில் நான் காப்பிக்கடைக்கு ஓடுவதில்லை. ஏழு மணிக்கு நீ ஓடுகிறாய், நிற்கிறாய், விசிலடிக்கிறாய். மிக்ஸிதான் என்று தெரிந்த பிறகும் நீதான் என்றே காது சொல்கிறது. திருத்த எனக்கு மனமில்லை.

இன்று நின்றபோது மேலே ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. அவளுக்குத் தெரியும், விடு என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பயப்படவில்லை என்றால் பொய். எட்டு நிமிடம். ஒன்பது. பத்தும் ஆனது, சத்தமில்லை. மூடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றாவது நிமிடம் மேலே மூன்று தட்டுச் சத்தம் கேட்டது. பிறகு ஓடியது.