இனிப் பகல் குளிசை இல்லை, வாப்பா

என் அன்பு வாப்பா,

நம் ஊரில் பெண்கள், நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் அந்த வாசலில் நின்று உங்களுக்குச் சொல்லும் ஸலாத்தை நான் இந்தத் தாளில் சொல்லித் தொடங்குகிறேன். நீங்கள் இருந்தபோதும் நாம் இரண்டு பேரும் பெரிதாகக் கதைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் இந்தச் செய்தியை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேருக்குச் சொன்ன பிறகு உங்களுக்குச் சொல்கிறேன்.

குளிசையை மாற்றிவிட்டேன். காலையில் ஒன்று, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒன்று என்று போட்டு வந்த அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை இப்போது இல்லை. காலையில் ஒரே ஒன்று. பின்னேரம் வரை அதுவே தாங்குகிறது.

உங்களுக்குத் தெரிந்த கதையை இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பஸில் இரண்டாம் வருடம் மூன்று பாடங்களைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. ஐந்து மணித்தியாலம் புத்தகத்தின் முன்னால் இருப்பேன், ஒரு பக்கம் தாண்டாது. நம் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள் நான். இது எல்லாருக்கும் நடப்பதா, எனக்கு மட்டுமா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. ஒரு விரிவுரையாளர்தான் டொக்டரைப் பார்க்கச் சொன்னார். கல்முனையில் என்றால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று நீங்கள் உங்கள் ஓட்டோவிலேயே என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனீர்கள்.

ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை, என்று டொக்டர் எழுதினார். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, அமைதியான பிள்ளை என்பதால் யாரும் கவனிக்கவில்லை என்றார். திரும்பி வரும்போது பெரியநீலாவணையில் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தீர்கள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"பிரேக் பிடிக்குதில்ல எண்டு ஆராவது ஓட்டோவத் தூக்கி எறியிறதா மகள்?"

"இல்ல வாப்பா."

"பிரேக்கச் செஞ்சி ஓடுறதுதானே. அவ்வளவுதான். உம்மாக்கு வயித்து எரிவுக்கு, கேஸ்டிக் குளிசை எண்டு சொல்லு."

"ஏன் வாப்பா?"

"உம்மாக்குச் சொன்னா உன்ட சாச்சிக்குச் சொல்லுவா. சாச்சிக்குச் சொல்றதும் பள்ளி லவுட்ஸ்பீக்கர்ல சொல்றதும் ஒண்டுதான்."

நான் சிரித்தேன். கலியாணப் பேச்சு வரும் வயதில் மகளுக்குத் தலைக்குக் குளிசை என்று ஊர் கதைக்கக் கூடாது என்பதுதான் உங்கள் பயம்.

அந்தக் குளிசை நாலு மணித்தியாலம்தான் நிற்கும். காலையில் போட்டது பகலுக்குள் முடிந்துவிடும், பகலில் மறக்காமல் இன்னொன்று போட வேண்டும். மறதிக்காரிக்கு மறக்கக் கூடாத குளிசை! அதற்கு நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிப் படியில் செருப்பை மாட்டும்போது எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவீர்கள். நான் குளிசையை விழுங்கிவிட்டுத் திருப்பி ஒரு மிஸ்ட் கோல் தருவேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. கதைக்கக் கூச்சப்படும் மகளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது. அப்படித்தான் பட்டம் முடித்தேன். அப்படித்தான் விவசாயிகளின் காரியங்களைப் பார்க்கும் கமநல அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமும் ஆகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை நீங்கள் மௌத்தானீர்கள்.

திரும்பவும் அலுவலகம் போன முதல் நாள் லுஹருக்குப் பாங்கு சொன்னது. தொழுகை முடிகிற நேரமும் போனது. போன் மேசையிலேயே கிடந்தது. குளிசை பைக்குள் கிடந்தது. பிறகு போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். அடித்ததும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவசரமாக நிறுத்துவேன். நிறுத்தியதோடு மறந்தும் விடுவேன். கிழமைக்கு இரண்டு நாள் போட்டால் பெரிய காரியம். மற்ற நாள்களில் என் பின்னேரங்கள் கைவிட்டுப் போயின.

நாள் முழுக்க நிற்கும் ஒன்று இருக்கிறது, மாற்றுவோமா என்று டொக்டர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் "இப்ப வேணாம்" என்றேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பகல் குளிசை இருக்கும் வரைக்கும் உங்கள் மிஸ்ட் கோலுக்கு ஒரு இடம் இருந்தது. அதையும் இல்லாமல் ஆக்கிவிட்டால் லுஹர் நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இப்படியிருக்க நோன்பு வந்தது. முந்திய நோன்புகள் கம்பஸ் விடுமுறையோடு போய்விட்டன. குளிசையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். இந்த முறை வேலை. பகலில் குளிசை போட்டால் நோன்பு முறியும். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, விட்டதைப் பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது நாளும் நோன்பில்லாமல் இருக்க என்ன வருத்தம் என்று கேட்பார்களே, என்ன சொல்வது? நானாக ஒரு கணக்குப் போட்டேன். ஒன்று நாலு மணித்தியாலம் என்றால், விடியுமுன் சஹருக்கு இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எட்டு மணித்தியாலம்.

சிரிக்காதீர்கள். பட்டதாரி மகள் போட்ட கணக்குத்தான்.

காலை ஏழு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கை வியர்த்தது. பத்து மணிக்கெல்லாம் எல்லாம் வடிந்து, தலைக்குள் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இரைச்சல். இப்படி ஐந்து நாள். அந்த ஐந்தாம் நாள் பின்னேரம்தான் சிறுபோக நெல் விதைப்புக்கான ஆரம்பக் கூட்டத்தின் அறிவித்தலை நான் தட்டச்சுச் செய்தேன். குளத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்க வேண்டிய கடைசித் திகதி என்று அதில் இரண்டே இரண்டு திகதிகள். இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். எங்கள் பொறுப்பதிகாரி சேரும் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். மறுநாள் காலை அறிவித்தல் பலகையில் ஏறியது.

அதை முதலில் வாசித்தவர் வட்டவிதானை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். கண்ணாடியை மேலே ஏற்றி, இறக்கி, என் மேசைக்கு வந்தார்.

"புள்ள, இத நீங்களா அடிச்ச?"

"ஓம் ஐயா."

"தண்ணி திறக்க முந்தி விதைப்ப முடிக்கட்டாம். நாங்க என்ன, கண்ணீர விட்டா விதைக்கிற?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஆனால் அதற்குள் நாலைந்து பேர் பலகையைப் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் எப்போது என்று கேட்டு அன்று முழுக்க அலுவலகப் போன் அடித்தது. சேர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, இது உங்கட பயிற்சி வருசம். வருசம் முடிய நான்தான் உங்களைப் பற்றி எழுத வேணும். இப்பிடி இன்னொண்டு நடந்தா, நிரந்தரமாக்கச் சொல்லி எழுத ஏலாது."

அந்த வேலை யாருடைய வேலை வாப்பா? "என்ட மகள் கவர்மெண்ட் கந்தோர்ல" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொன்ன வேலை. ஓட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் என்னைக் கந்தோர்ப் புள்ள என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கவில்லை. பஸ் ஏறித் தனியாகப் போனேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டதைச் சொன்னதும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டாப் போட்டா வேகம்தான் கூடும், நேரம் நீளாது. இனி கேக்காம இப்பிடிச் செய்யக் கூடாது" என்றார். பிரஷர் பார்த்தார், நெஞ்சைப் பரிசோதித்தார். புதியதைப் பற்றி விளக்கினார். மருந்து ஒரே அடியாக வராது. மேலே உள்ளது முதலில் கரையும், உள்ளே உள்ளது மெல்ல மெல்ல வரும். கடிக்கவோ உடைக்கவோ கூடாது. சஹருக்குப் போட்டால் பின்னேரம் மூன்று, நாலு மணிவரை நிற்கும். பசி குறையலாம், நித்திரை பிந்தலாம்.

"உடம்புக்கு ஏலாட்டி நோன்ப விட வேணும், அது வேற கதை" என்றார். "முதல் ரெண்டு கிழமையும் சாப்பாட்டையும் நித்திரையையும் வீட்டில ஒராள் பாக்க வேணும். வீட்டில ஆருக்குத் தெரியும்?"

"வாப்பாக்குத் தெரியும்" என்றேன். பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

அன்று பின்னேரம் உம்மா அடுப்படியில் நோன்புக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் உறைப்பில்லாத கறி. கேஸ்டிக் என்று நாம் சொன்ன நாளிலிருந்து நீங்கள் இருக்கும்வரை நம் வீட்டில் உறைப்பு இறங்கியதுதான், ஏறவில்லை. நீங்கள் போன பிறகு உம்மா தனக்குக் கொஞ்சம் உறைப்பாகவும் எனக்கு இல்லாமலும் இரண்டு சட்டி வைக்கத் தொடங்கினார்.

"உம்மா, எனக்கு கேஸ்டிக் இல்ல."

"சுகமாகிட்டா? அல்ஹம்துலில்லாஹ்."

"இல்ல உம்மா. எனக்கு கேஸ்டிக் இருந்ததே இல்ல."

அகப்பை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர், குளிசை, மிஸ்ட் கோல், அறிவித்தல்.

"வாப்பாக்குத் தெரியுமா?"

"வாப்பாதான் கேஸ்டிக் எண்டு சொல்லச் சொன்ன."

கஞ்சி அடிப்பிடிக்கிற மணம் வந்ததும் உம்மா சட்டியை இறக்கினார். பிறகு, "அந்த மனிசன் உறைப்பில்லாம ஒரு பிடி சோறு திங்க மாட்டாரு. மூணு வருசம், ஒரு வார்த்த சொல்லாமத் திண்டிரிக்காரு. கேட்டா 'புள்ளைக்கு ஏலாததான், நமக்கும் எதுக்கு' எண்டுவாரு. கள்ளன்!" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னது மாதிரி அடுப்பை ஒரு தரம் ஊதினார்.

"அந்தக் குளிசையப் போட்டா உனக்கு என்ன செய்யும்?"

"தொடங்கின வேலைய முடிக்க ஏலும்."

"அப்ப நாளைக்குப் போட்டுப்போட்டு அந்தத் தேங்காயத் துருவி முடி. ரெண்டு நாளா அரைவாசியில கிடக்கு."

முன்பு நீங்கள்தான் குளிசை வாங்கி வருவீர்கள், நீங்கள் போன பிறகு நான் வாய் திறக்காமல் சீட்டை நீட்டி வாங்கினேன். இந்த முறை மருந்துக் கடையில் நானே என் வாயால் பெயரைச் சொல்லி வாங்கினேன். அது எப்போதும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்றார்கள். ஓம் என்றேன். நீங்கள் அவ்வளவு காலமும் அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் எப்படி நின்றீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேரிடமும் சொன்னேன். "ஒரு மருந்து எடுக்கிறன் சேர், இப்ப மாற்றியிருக்கு" என்று மட்டும். அவர் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே குளிசைப் பட்டி. "சீனி வருத்தம். நானும் ஆருக்கும் காட்டாமத்தான் போடுறன்" என்றார்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை வாப்பா. அலுமாரித் திறப்பை இரண்டு தரம் தொலைத்தேன். முதல் கிழமை நித்திரை பிந்தியது. பகலில் பசிக்கவில்லை, நோன்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பின்னேரம் இரண்டு மணி வந்தது, மூன்று மணி வந்தது, நான் தொடங்கிய கடிதத்திலேயே இருந்தேன். ஒரு பின்னேரம் இவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியாது.

பெருநாளுக்குப் பிறகு திருத்திய திகதிகளைச் சரிபார்க்க இன்னொரு கூட்டம் நடந்தது. குறிப்பெடுக்கச் சேர் என்னையே இருத்தினார். நாலு மணிவரை நடந்தது, கடைசி வரி வரைக்கும் எழுதினேன். அறிவித்தலைப் பலகையில் ஒட்டியபோது வட்டவிதானை விரலால் தடவித் தடவி வாசித்தார். "இந்த முறை தண்ணிதான் முந்தி வருது. பிழைச்சம்" என்றார். போன கிழமை சேர் என்னைப் பற்றி எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்பதை எனக்கு வாசித்தும் காட்டினார். நிரந்தரமாக்கலாம் என்று எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்தை அச்சில் போட்டால் சாச்சிக்கும் தெரியும். தெரியட்டும். உம்மாவிடம் கேட்டேன், "லவுட்ஸ்பீக்கருக்கு நாமளே குடுத்தா பிழையில்லாமச் சொல்லும்" என்றார்.

பெருநாளன்று உம்மா ஒரே சட்டியில்தான் இறைச்சிக் கறி வைத்தார். பழைய உறைப்பு. மூக்கில் தண்ணீர் வரத் தின்றோம். உங்களுக்குப் பிடித்த அந்த உறைப்பு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. அதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

இப்போதும் லுஹருக்குப் பாங்கு சொல்கிறது. தொழுகை முடிகிற நேரம் கை தானாகப் போனைத் தேடுகிறது. போடுவதற்குக் குளிசை இல்லை. அதனால் அந்த நேரத்தை உங்களுக்கே தருகிறேன். தினமும் லுஹருக்குப் பிறகு உங்களுக்காக ஒரு துஆ. ஒரு நாளும் மறக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், என்னை உங்களுக்குத் தெரியும்தானே. மறந்த நாளுக்கு மறுநாள் இரண்டாகக் கேட்பேன். இதை இரண்டாகச் செய்யலாம், அதற்கு டொக்டரைக் கேட்கத் தேவையில்லை.

மூன்று வருடம் உங்களை உறைப்பில்லாத கறி தின்ன வைத்த உங்கள் மூத்த மகள்,
றிஸ்னா
நற்பிட்டிமுனை