நாற்பத்தோராம் நாள் நெல்லிச் சாறு

என் அன்பு வேதா அக்காவுக்கு,

விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது உங்கள் வலது முட்டி இன்னும் ‘டக்’ என்கிறது. கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்கும் அந்த ஒற்றைப் படியில்தான். வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் தம்பியிடம் சொன்னால், “பலக காஞ்சி சத்தம் போடுது கௌரி” என்கிறார். அந்தப் படி சிமென்ட் என்று அவருக்கும் தெரியும்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. என் கையால் தந்த நெல்லிச் சாறுதான் உங்கள் முட்டியை முறித்ததா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எட்டு மாதமாகச் சாமி கும்பிடுகிறேன். உங்களைத் தெரிந்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்டணத்து மருத்துவ ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை உங்களுக்கு. திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் ரயில். கறிக்கடைகளில் சேவல் கொண்டைகளை வாங்கி, அரைத்து, ஊறவைத்து, ஹயலூரானிக் அமிலம் என்ற ஒன்றைப் பிரித்தெடுப்பீர்கள். முதலில் சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

“முருகன் கொடியில கீற சேவலாச்சே அக்கா! பாவம் புடிக்காதா?”

“துன்றவன் ஒடம்பத் துன்னுட்டான். கொண்டையத் தூக்கித்தானே போடறான்? நான் அதுக்கு ஒரு வேல குடுக்கறேன்.”

அன்று நான் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். விரலில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்த்தேன். “அதேதான்டி!” என்று கத்தினீர்கள். “முட்டிக்குள்ள கீற தண்ணியும் இப்டித்தான் கம்பி இழுக்கும்.”

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அடுப்பங்கரையிலேயே புரியவைத்தீர்கள். சர்க்கரை போன்ற இரண்டு துண்டுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்த சரம்தான் அந்த அமிலம். முட்டித் தண்ணீரிலும் இருப்பது அதுதான்; சரம் நீளமாக இருக்கும்வரை வழவழப்பு. கண்ணாடிக் குழாயில் அதைக் கரைத்து வைட்டமின் சி சேர்த்தால், சரம் அங்கங்கே அறுந்து, கம்பி போய், வெறும் தண்ணீராக ஓடும். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிவைத்தேன். மறந்துவிடக் கூடாதே என்று. இப்போது மறக்க முடியவில்லை.

பிறகு உங்கள் முட்டி வீங்கியது. நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் நெல்லிச் சாறு படைத்து, அதை உங்களுக்குத் தருவதாக.

“இன்னாடி இது? நெல்லி பூரா வைட்டமின் சி. குழாயில ஊத்தறத எனக்கே ஊத்தறியா?”

“ஊரே நல்லதுன்னுது. சாமிக்கு வெச்சது, குடிங்க.”

“சரி, ஒன் முருகனா என் வைட்டமினான்னு பாத்துடலாம். குடு.”

முகத்தைச் சுளித்து ஒரே மடக்கில் குடிப்பீர்கள். காலண்டரில் நான் ஒரு கோடு போடுவேன். விளையாட்டாகச் சொன்னீர்களா அக்கா? இல்லை, பயந்துகொண்டே என் மனசுக்காகக் குடித்தீர்களா?

நாற்பத்தொரு கோடு ஆகியிருந்தது. அன்று காலை ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் விழுந்தீர்கள். கீழே பூ விற்கும் அம்மா ஓடிவந்து சொன்னாள்: “ஏறிக்கினேதான் இருந்தாங்கோ. முட்டி மடங்கிச்சு, அப்டியே சரிஞ்சிட்டாங்கோ.” தலையில் அடி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நீங்கள் கண்ணே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் நெல்லிக்காய் வரவில்லை. ரசத்துக்கு எலுமிச்சைகூடப் பிழிவதில்லை. தீபாவளிக்குப் பாகு வைத்தேன். விரலுக்கிடையில் கம்பி நீண்டு, மெலிந்து, அறுந்தது. எனக்கு ‘டக்’ என்று கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

போன வாரம் உங்களோடு வேலை பார்த்த பெண் வந்தாள். உங்கள் டிபன் பாக்ஸும் ஒரு நோட்டும் மேஜை டிராயரில் கிடந்ததாம். நோட்டின் கடைசிக் குறிப்பு, நீங்கள் விழுந்ததற்கு முந்தின நாளுடையது. இரண்டு குழாய்கள். இரண்டிலும் ஒரே கரைசல், ஒரே அளவு வைட்டமின் சி. ஒன்று திறந்தது, மற்றதில் காற்றை வெளியேற்றி மூடியிருக்கிறீர்கள். ‘திறந்தது: கம்பி இல்லை. மூடியது: கம்பி நிற்கிறது.’ வைட்டமின் மட்டும் தனியாக வெட்டுவதில்லை, காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர வேண்டும் என்று ஒரு வரி.

அதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில்: ‘குழாய் வேறு, முட்டி வேறு. குடிப்பது என்ன செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கௌரியிடம் சொல்ல வேண்டும். சும்மா கிண்டல் பண்ணியதை நிஜமென்று நினைத்திருப்பாள்.’

அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பாரம் இறங்கும் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. நெல்லிக்காய் விலகியதும் அதற்குப் பின்னால் நின்றது தெரிந்துவிட்டது. எட்டு மாதமாக நான் பார்க்க மறுத்தது.

நீங்கள் விழுந்த அன்று காலை சாற்றைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: “முட்டி சரியில்ல கௌரி. படி ஏற முடியாது, தண்டவாளத்தத் தாண்டிப் பூடறேன்.” அதற்கு முந்தின மாதம்தான் அண்ணனூர் பக்கம் தண்டவாளத்தில் ஒருத்தி அடிபட்டுப் போயிருந்தாள். நான் வழியை மறித்தேன். “முருகன் மேல ஆணை. படி ஏறித்தான் போகணும்.”

சாமியை நம்பாத நீங்கள் அந்த ஆணையை மட்டும் ஏன் மதித்தீர்கள்? வலிக்கிறது என்று சொன்னவரோடு நான் ஏன் கூடப் போகவில்லை? உலையில் அரிசி போட்டிருந்தேன். அவ்வளவுதான் அக்கா. உலையில் அரிசி.

இதைத் தாங்க முடியாமல்தான் நெல்லிக்காயைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. சரம் அறுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆணையிட்டது என் வாய் என்று எப்படிச் சொல்வது?

இதோ, சொல்லிவிட்டேன்.

வேண்டுதலில் ஏழு நாள் பாக்கி இருக்கிறது. நாளையிலிருந்து சாறு பிழிந்து முருகன் முன் வைத்து, நானே குடிப்பேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் படிகளில் ஏறுவேன், நீங்கள் கால் வைத்த வேகத்தில். இனி சாமி பேரைச் சொல்லி யார் வழியையும் மறிக்கமாட்டேன். வீட்டுப் படியில் மறுபடி ‘டக்’ என்று கேட்டால், அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வந்து கையை நீட்டுவேன். பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, உங்களுக்குத் தங்கையாகிப்போன
கௌரி